பூனை தானாக வந்தது

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பூனை வீட்டை விட்டுப் போயாக வேண்டும் என்று பத்துமலை தீர்மானம் போட்டார். குனோங் ராபாட் தாமான் என்ற குடியிருப்பில், பசியாறும் மேசையில், இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவே அது ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் அவரும் அவர் மனைவி துளசியும்தான். துளசி அந்த நேரம் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்ததால் வாக்களிக்கவில்லை.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க. வெள்ளிக்கிழமை. சட்னி போடவா?"

"நான் பூனையைப் பத்திப் பேசறேன், நீ சட்னியைப் பத்திப் பேசறே."

"பூனைக்குச் சட்னி ஆகாதுங்க. உங்களுக்குத்தான் கேட்டேன்."

பத்துமலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஸ்டோர் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவர் காவலில் இருந்த காலத்தில் அந்த ஸ்டோரிலிருந்து ஓர் ஆணி வெளியே வருவதற்கு மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவது கையெழுத்து அவருடையது. ஆணி கேட்டு வந்தவர்கள் பலர் ஆணி கிடைக்காமலே ஓய்வு பெற்றுப் போனார்கள் என்று பேச்சு. அரசாங்கம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஆனால் ஸ்டோர் புத்தியை அனுப்ப முடியவில்லை.

அந்தப் புத்தி குடியிருந்த இடம் வீட்டின் பின்னறை. சித்தியவான் பக்கம் அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்று மரங்களைச் சாய்த்தபோது, அங்கிருந்து ஒரு லோரி நிறையச் சாமான் ஏற்றி வந்து அதில் அடைத்தார். பால் பிடிக்கும் மங்கு இருநூற்று அறுபது. மரம் சீவும் உளி ஒன்பது. பால் வாளி, வாளியைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பு, விடியற்காலையில் ஆள் கூட்டப் பெரட்டு மணியாக அடித்த தண்டவாளத் துண்டு. கூடவே இருபது வருஷத்துப் பத்திரிகை, ஓடாத மின்காற்றாடி நான்கு. ஒரு நாள் இவற்றை வைத்துத் தோட்டத்து மியூசியம் திறக்கப் போகிறார். அந்த ஒரு நாள் பதினோரு வருஷமாக வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பதினோரு வருஷமும் துளசி குசினியில் உட்கார்ந்துதான் ரவிக்கை தைத்தாள். ஒரு பக்கம் ஐஸ்பெட்டி, மறுபக்கம் கேஸ் தோம்பு, நடுவே தையல் மெஷின். அளவு கொடுக்க வரும் பெண்கள் மீன் குழம்பு வாசத்தில் கை தூக்கி நிற்க வேண்டும். பட்டுத் துணியில் தாளிப்பு தெறித்துவிடும் என்று அவள் தைக்கும் நேரம் சமைக்க மாட்டாள், சமைக்கும் நேரம் தைக்க மாட்டாள். பின்னறையைக் கேட்டாள். கெஞ்சிக் கேட்டாள். பட்டினி போட்டும் கேட்டாள். புதன்கிழமைதோறும் பழைய பேப்பர் வாங்கும் லோரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும்போதெல்லாம் அவரை ஒரு பார்வை பார்ப்பாள். அவர் போய்ப் பின்னறை ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார். சரித்திரத்தின் காதில் அந்தக் கூவல் விழக்கூடாது அல்லவா.

இந்த நிலையில்தான் போன திங்கட்கிழமை அந்தப் பூனை வந்தது. மஞ்சள் நிறம். வால் நுனி கொக்கி மாதிரி மடிந்திருக்கும். பின்னறை வாசலில் உட்கார்ந்து, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி மேலும் கீழும் பார்த்தது. பத்துமலை தமிழில் போ என்றார். மலாயில் போ என்றார். தனக்குத் தெரிந்த ஒரே கண்டனீஸ் வார்த்தையிலும் போ என்றார். பூனை மூன்றையும் கேட்டுக்கொண்டு படுத்துவிட்டது. துடைப்பத்தை எடுத்தார். அது துடைப்பத்தில் முதுகைச் சொறிந்துகொண்டது.

"எங்கிருந்து வந்துச்சு இந்தச் சனியன்?"

"எனக்கு என்னங்க தெரியும்? அதுவா வந்துச்சு."

பூனை முடி அவருக்கு ஆகாது. சோபாவில் முடி, வேட்டியில் முடி, ஒருநாள் கோப்பியில் முடி. முடியைவிட ஆகாதது, தன்னுடைய பொறுப்பில் உள்ள ஸ்டோருக்குள் கையெழுத்து இல்லாமல் ஓர் உயிர் போய் வருவது. அதனால்தான் தீர்மானம்.

தீர்மானம் போட்டாயிற்று. எப்படி நிறைவேற்றுவது என்று மட்டும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு தெரு தள்ளியிருந்த பஞ்சலிங்கம் வாத்தியாரிடம் போனார். பஞ்சலிங்கம் தைப்பிங்கில் அறிவியல் கற்பித்தவர். யாழ்ப்பாணத்துப் பரம்பரை. மகனோடு இருக்கலாம் என்று மனைவி பூமணியுடன் இங்கே குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எதைக் கேட்டாலும் ஆதியிலிருந்து சொல்லுவார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கத் தாமானிலேயே பத்துமலை ஒருவருக்குத்தான் நேரம் இருந்தது.

"சார், ஒரு பூனை வீட்டுக்கு வந்தா எப்படிப் போக வைக்கறது?"

"அது ஏன் வந்ததெண்டு தெரிஞ்சா, எப்பிடிப் போகுமெண்டு தெரியும்." பஞ்சலிங்கம் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தார். "மாடு எப்பிடி மனிசனிட்ட வந்தது? மனிசன் பிடிச்சுக் கயிறு போட்டான். ஆட்டையும் அப்பிடித்தான். பூனையை ஆரும் பிடிக்கேல்லை, கட்டேல்லை. அது தானா வந்தது, கண்டீரோ."

"அதான் சார், எங்க வீட்டுலயும் அப்படித்தான்!"

"பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தி மேற்காசியாவில மனிசன் தானியம் விதைக்கத் தொடங்கினான். விளைஞ்சதைச் சேத்து வைக்கக் களஞ்சியம் கட்டினான். களஞ்சியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பின்னால காட்டுப்பூனை வந்தது. வந்தது போகேல்லை."

"பத்தாயிரம் வருஷமாவா?"

"ஓம். சைப்ரஸ் எண்டொரு தீவில ஒரு பழைய புதைகுழி கண்டுபிடிச்சவை. ஒன்பதாயிரத்து ஐஞ்ஞூறு வருஷம் இருக்கும். ஒரு மனிசன், பக்கத்தில ஒரு பூனை. அந்தத் தீவில பூனை இனமே கிடையாது. அப்ப வள்ளத்தில ஏத்திக் கொண்டு போயிருக்கினம்."

"நம்ம ஆளுங்களைக் கப்பல்ல ஏத்தியாந்த மாதிரியா சார்?"

"ஒரு வித்தியாசம் இருக்கு. பூனையை ஒருத்தரும் வேலை செய்யச் சொல்லேல்லை."

பிறகு எகிப்து வந்தது. வீட்டுப் பூனை செத்துப்போனால் அந்த வீட்டுக்காரர்கள் துக்கத்தில் புருவத்தைச் சிரைத்துக்கொள்வார்களாம். பத்துமலை தம் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மழை பிடித்தது. தாமானுக்குப் பின்னால் நின்ற சுண்ணாம்பு மலை மறைந்தது. அவர் மூளையில் மட்டும் வெளிச்சம் அடித்தது.

"சார், களஞ்சியம் இருந்தா எலி. எலி இருந்தா பூனை. அப்போ களஞ்சியமே இல்லன்னா?"

பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நல்ல கேள்வி," என்றார். "விடையை நீரே கண்டுபிடிச்சிட்டீர்."

எலிக்கு நெல்லும் ஒன்றுதான், இருபது வருஷத்துப் பத்திரிகையும் ஒன்றுதான். பத்துமலை மழையோடு வீட்டுக்கு ஓடினார்.

"துளசி, பின்னறையைக் காலி பண்ணப் போறேன்."

மெஷின் நின்றது. துளசி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "வேணாங்க."

"என்னா வேணாம்?"

"பதினோரு வருஷமாச் சேத்து வச்சது. மியூசியம் வைக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. ஒரு பூனைக்குப் பயந்து..."

"பயமா? எனக்கா?"

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுதுலா. எனக்குப் பழகிருச்சு."

"உனக்குப் பழகும். எனக்குப் பழகாது. இது சயன்ஸ், துளசி. பத்தாயிரம் வருஷத்து சயன்ஸ்."

"உங்களால முடியாதுங்க. முதுகு வலின்னு நேத்துக்கூடத் தைலம் தேச்சீங்க."

முடியாது என்ற வார்த்தை பத்துமலையின் முதுகை உடனே நிமிர்த்திவிட்டது. அவள் எவ்வளவு தடுத்தும் அவர் கேட்கவில்லை. மனைவி சொல்லை மீறிய பெருமையோடு ஞாயிற்றுக்கிழமை காலை கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். தூக்கிப்போடுவதா? அந்தப் பேச்சே கிடையாது. பஞ்சலிங்கத்தின் கார் நிறுத்தும் இடத்தில் தற்காலிகமாக வைப்பதாக ஏற்பாடு. எழுபது வயசைத் தாண்டிய மனுசர், கேட்டவுடனே சம்மதித்தார். நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று பத்துமலை நெகிழ்ந்துபோனார்.

முதல் மூட்டையில் மங்குகள். ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்து மனைவியிடம் நீட்டினார்.

"இது என்னான்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? ஒரு நாளைக்கு நானூறு மங்கு தொட்டிருக்கேன்."

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நாம பட்ட கஷ்டம் எங்க தெரியுது."

"நாமளா?" துளசி நூலைப் பல்லால் கடித்தாள். "உங்கப்பா வேலை வாங்குற மண்டோரு. நீங்க பள்ளிக்கூடம் போனீங்க. மரம் சீவுனது நானு. மியூசியம் மட்டும் உங்களுதா?"

அவர் அந்த மூட்டையைச் சீக்கிரமாகக் கட்டிவிட்டார்.

வேலை நடந்தது. எலி ஒன்றுகூட அகப்படவில்லை. தான் வருவது தெரிந்து ஓடிவிட்டன என்றார். பூனை மட்டும் ஓடவில்லை. ஞாயிறன்று வாசலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது. திங்களன்று பத்திரிகைக் கட்டின் மேல் ஏறியது. செவ்வாயன்று அவர் சம்மணம் போட்டு ஆணி பிரித்துக்கொண்டிருக்கும்போது வந்து பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது. எழுப்பலாம்தான். ஆனால் ஆணி பிரிக்கும் வேலை இன்னும் முடியவில்லை. அரைமணி நேரத்து வேலையை அவர் மூன்று மணி நேரம் பிரித்தார்.

பிரித்தபடியே பேசினார். முப்பத்து மூன்று வருஷத்து ஸ்டோர் கதையை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. துளசி முதல் வருஷத்திலேயே தூங்கிவிடுவாள். பூனை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு வரைக்கும் கேட்டது. மத்தியானம் தம் தட்டிலிருந்து பாதிக் கெம்போங் மீனை எடுத்துப்போய் வைத்தார்.

"என்னங்க, பூனைக்கு மீனா?"

"இது பாசம் இல்ல, துளசி. லஞ்சம். வெள்ளிக்கிழமை ஒழுங்காப் போவணும்ல?"

அறை காலியானதும் துளசிக்குத்தான் ஒவ்வொரு சந்தேகமாக வந்தது.

"ஏங்க, செவத்துல எலி வாடை நின்னா திரும்ப வரும்னு சொல்லுவாங்களே?"

சுவருக்குச் சுண்ணாம்பு போதாது, சாயமே அடிக்கலாம் என்றார். இளம்பச்சை நல்லா இருக்கும் என்று அவள் சும்மா சொன்னாள்.

"இருட்டா இருந்தா எலிக்கு வசதியாமே?"

இரண்டு குழல்விளக்கு மாட்டினார்.

"புழுக்கம் இருந்தாக்கூட..."

காற்றாடி போட்டார். புதுசு, ஓடுகிற காற்றாடி. பழைய வயரை எலி கடித்து வீடு பற்றிக்கொண்ட கதை ஒன்றை அவள் எங்கேயோ கேட்டிருந்தாள். வயர் மாற்றி, சுவரில் மூன்று பிளக் வைத்தார். எகிப்தில் பூனையைக் கும்பிட்டவன்கூடக் களஞ்சியத்துக்கு இவ்வளவு செய்திருக்க மாட்டான். வியாழக்கிழமை சாயங்காலம் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். ஈ, எறும்பு இல்லை. ஓர் எலி அந்த அறைக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை காலை பூனையைக் காணோம்.

"பாத்தியா!" பத்துமலை மேசையைத் தட்டினார். "சொன்ன தேதி. சொன்ன மாதிரி. பத்தாயிரம் வருஷத்துல யாரும் செய்யாத வேலை!"

"ஆமாங்க. கெட்டிக்காரருதான் நீங்க."

அவர் சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். வெளியே போய்க் கால்வாய் ஓரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன தேடுறீங்க?"

"போயிடுச்சான்னு உறுதி பண்றேன்."

மத்தியானம் கெம்போங் மீன் பொரித்திருந்தாள். பாதியைச் சாப்பிட்டார். மீதிப் பாதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். ஒதுக்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளதைச் சொன்னால், அந்தச் சனியன் இல்லாமல் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. துளசியிடம் சொல்ல முடியுமா? மீனில் உப்பு தூக்கல் என்று சொல்லிவிட்டு எழுந்து குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு வந்தால், பின்னறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம். இளம்பச்சைச் சுவரோரம் மெஷின். மூன்று பிளக்கில் ஒன்றில் இஸ்திரிப் பெட்டி, ஒன்றில் ரேடியோ. கொடியில் பதினெட்டு ரவிக்கை. ஒரு ஆள் உயரக் கண்ணாடிகூட வந்து நின்றது. காற்றாடிக்குக் கீழே துளசி.

"என்னாலா இது?"

"காலியாப் போட்டா திரும்ப எலி வருங்க. ஆள் புழக்கம் வேணும்ல?"

பத்துமலை காற்றாடியை அண்ணாந்து பார்த்தார். களஞ்சியம், எலி, பூனை என்று அவரே சொன்ன சயன்ஸில் எந்த இடத்தில் ஓட்டை என்று தேடினார். அகப்படவில்லை. தம் சாமான்களையாவது பார்த்து ஆறுதல் பெறலாம் என்று பஞ்சலிங்கம் வீட்டுக்கு நடந்தார்.

சாமான்கள் பத்திரமாக இருந்தன. மங்கு மூட்டையின் மேல் ஒரு மஞ்சள் பூனை படுத்திருந்தது. வால் நுனி கொக்கி மாதிரி மடிந்திருந்தது.

"சார்! இந்தப் பூனை..."

"ஓம், இவர் எங்கட ராசன். தைப்பிங்கில பிறந்தவர். வீடு மாறின பூனையைக் கொஞ்ச நாள் வெளியில விடக்கூடாது, அதுதான் நீர் வரேக்குள்ள எல்லாம் மேல் மாடியில இருந்தவர்."

"இது உங்க பூனையா? அப்போ எங்க வீட்டுல?"

"உம்மட மனுசி ரெண்டு கிழமைக்கு இரவல் கேட்டவ. பூமணிக்குச் சொந்தத்தில ஒரு கலியாணத்துக்குப் போக ஆறு ரவிக்கை தைச்சுக் குடுத்திருக்கிறா. எப்பிடி ஏலாதெண்டு சொல்லுறது?"

பத்துமலை தண்டவாளத் துண்டின் மேல் உட்கார்ந்தார். "நீங்க சொன்ன பத்தாயிரம் வருஷம்? சைப்ரஸு? எல்லாம் கட்டுக்கதையா?"

"சீச்சீ! நான் நாப்பது வருஷம் படிப்பிச்சவன். ஒரு சொல்லுப் பொய் இல்லை." பஞ்சலிங்கத்துக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "வந்த பூனை எப்பிடிப் போகுமெண்டு கேட்டீர், சொன்னன். உம்மட வீட்டுக்கு ஏன் வந்ததெண்டு நீர் ஒருக்காலும் கேக்கேல்லையே."

வீட்டுக்குப் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பத்துமலை எழப் பார்த்தார். எழ முடியவில்லை. ராசன் மூட்டையிலிருந்து இறங்கி வந்து பாதத்தின் மேல் தலையை வைத்திருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் நிறுத்திய கதை வேறு பாக்கி இருந்தது. அவர் வீடு திரும்பியபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.

"என்னை ஏமாத்திட்டே, துளசி."

"நான் என்னங்க செஞ்சேன்? பூனை வந்துச்சு. நீங்க காலி பண்ணீங்க. நான் வேணாம் வேணாம்னுதான் சொன்னேன்."

"அலமாக்! நீ வேணாம்னு சொன்னதாலதானே நான் செஞ்சேன்!"

"அது எனக்குத் தெரியாதாங்க?" என்றாள் துளசி. முப்பத்தைந்து வருஷத்துக் குடித்தனத்தில் அன்றுதான் அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த ரவிக்கையை எடுத்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்துமலை பஞ்சலிங்கம் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றார். சாமான் கணக்குச் சரிபார்க்க வந்தேன் என்பார். கையில் பிளாஸ்டிக் பையில் பாதிக் கெம்போங் மீன். இருநூற்று அறுபது மங்கையும் எண்ணி முடிக்க ஒரு நாள் போதவில்லை. அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். திறந்தால் உள்ளே வருவார். திறக்காவிட்டால் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குரல் கொடுப்பார்.

ஒரு வாரம் பொறுத்தாள் பூமணி. எட்டாவது நாள், பத்துமலை வாசலோரம் ராசனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, உள்ளே அவள் கைப்பேசியில் துளசியைக் கூப்பிட்டாள். காது மந்தம் என்பதால் அவள் எப்போதும் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவாள்.

"துளசி, உங்கட மனுசன் ஒவ்வொரு நாளும் அஞ்சு மணிக்கு வந்து வாசல்ல குந்தியிருக்கிறார். பாக்கப் பாவமாக் கிடக்கு. என்ன செய்ய?"

அந்தப் பக்கம் மெஷினை ஓட்டிக்கொண்டே துளசி பேசினாள்.

"இருந்துட்டுப் போவட்டும்க்கா. ஆனா சோறு மட்டும் வச்சிராதீங்க. அப்புறம் வீட்டுப் பக்கமே வரமாட்டாரு."